உறுமியும் மாயக் கண்ணாடியும்

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதை அடுத்துக் கல்லாமையின் இழிவைக் கூறினார். அதற்கும் அடுத்துக் 'கேள்வி' என்று தனியே ஓர் அதிகாரம் வைத்தார். எழுத்தறியாதவனும் காதினால் அறிவு பெறலாம் என்பதே அதன் கருத்து. புலவர்கள் இதற்கு எத்தனையோ நயங்கள் எடுத்துரைப்பர். நமக்கோ அந்த அதிகாரத்தைப் புரட்டுந்தோறும் கெடா மாநிலத்துக் கித்தாத் தோட்டங்களே நினைவுக்கு வருகின்றன. ஏட்டுக் கல்வி அரிதாயிருந்த அவ்விடங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காதினாலேயே கற்று வந்தார்கள். தாலாட்டில் உறவு முறையைக் கற்றார்கள். ஒப்பாரியில் குடும்பச் சரித்திரத்தைக் கற்றார்கள். கும்மியில் பிறந்த ஊரின் பெயரையும் கப்பலேறிய வழியையும் கற்றார்கள். கங்காணி செய்த கொடுமையைக் கச்சேரியில் சென்று பதிவு செய்ய வகையற்றவர்கள் அதைப் பாட்டிலே பதிந்து வைத்தார்கள். இவ்வாறு பாடப்பட்டவற்றுள் ஒரு பகுதியைத் திரட்டி நூலாக்கிய முத்தம்மாள் பழனிசாமி போன்றோருக்கு இந்நாட்டுத் தமிழுலகம் பெரிதுங் கடமைப்பட்டுள்ளது. திரட்டப்படாமற் போனது அதனினும் எத்தனையோ மடங்கு இருக்கும்.

சுங்கை லாலாங், பீடோங்குக்கு அணித்தே உள்ள ஒரு சிற்றூர். லாலாங் என்பது மலாய் மொழியிலே ஒரு புல்லின் பெயர். தருப்பைக்கு இனமானது என்பர். தாய்நாட்டிலே வைதிகர் விரலில் மோதிரமாக முடிந்துகொண்ட புல்லுக்கு உறவான இந்தப் புல்லை, இங்கே நம் பாட்டன்மார் நிரை பிடித்து வெட்டியும் வேரோடு கிளறியும் முதுகு வளைந்தார்கள். ஒரே இனத்துப் புல் ஓரிடத்தில் புனிதமாயும் மற்றோரிடத்தில் கூலியாயும் நின்ற விந்தையை எண்ணிச் சிரிப்பதைத் தவிர நாம் வேறென்ன செய்வது?

இன்று கித்தா மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. 1957-ம் ஆண்டில் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இப்போது 520-ஐ ஒட்டியே எஞ்சியுள்ளன. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது பானை சட்டிகளையும் சாமி படங்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். பாட்டை ஏற்ற மறந்துபோனார்கள். இரவில் லயத்து வாசலிலே கூடிப் பாடியவர்கள், இன்று சுவருக்குச் சுவர் தனித்தனித் தொலைக்காட்சிக்கு முன்னே அமர்ந்திருக்கிறார்கள்.

இந்நிலையிலே தான் மாயக் கண்ணாடி நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. மெய்நிகர்க் கண்ணாடி என்று படித்தவர்களும், வி.ஆர். என்று பிள்ளைகளும் அதனைக் கூறுகின்றனர். கண்ணைச் சுற்றிலும் மூடிக்கொள்ளும் ஒரு பெட்டி. அணிந்தவர் தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்பும். காதிலே ஒலியும் திசைக்குத் தக்கபடி ஒலிக்கும். கண்ட காட்சியின் வெளியே நிற்காமல் அதனுள்ளேயே நிற்பது போன்ற மயக்கம் உண்டாகும். நகரத்து நண்பர்கள் சிலர் தாமானின் பொது மண்டபத்திலே நான்கு கண்ணாடிகளை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அவர்கள் நோக்கம் நல்லது. அதனை நாம் குறை கூறமாட்டோம். கடலடியைக் காட்டினர், சந்திர மண்டலத்தைக் காட்டினர், இறுதியிலே அகதிகள் வாழும் ஒரு முகாமைக் காட்டினர். பிறர் துன்பத்தைப் பிள்ளைகள் தம் துன்பமாக உணர வேண்டும், அதுவே சமூகநீதிக் கல்விக்குத் தொடக்கம் என்று விளக்கவுரையும் ஆற்றினர்.

பிள்ளைகள் ஆரவாரித்தனர். ஒரு பையன் மீனைப் பிடிக்கக் கை நீட்டி நாற்காலியைத் தட்டிவிட்டான். பேரனை அழைத்துவந்திருந்த மூதாட்டி ஒருவர், நாற்பது ஆண்டு பால்வெட்டியவர், தாமும் பார்க்க வேண்டுமென்று கேட்டு அணிந்துகொண்டார். அகதிகளின் கூடாரங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்தார். மறுபடியும் நிமிர்ந்து, மறுபடியும் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி நம் கையிலே கொடுத்துவிட்டு, "என்னா வாத்தியாரே, குனிஞ்சு பாத்தா என் காலையே காணோமே! காலு இல்லாம நான் எப்படி அங்க போயி நின்னேன்?" என்றார்.

மண்டபமே சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மையார் கேட்டதைவிடக் கூர்மையான கேள்வியை அக்கருவியைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் நாம் படித்ததில்லை. பார்ப்பவன் காட்சியினுள் நிற்கிறான். ஆயினும் அவனுக்கு அங்கே காலில்லை, கையில்லை, நிழலுமில்லை. கூடாரத்துக்குள் நுழைகிறான், எவருக்கும் ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அவனால் இயலாது. எல்லாவற்றையும் கண்டும் எதையும் செய்யாமல் வெளியே வருவதை ஒரு பாடமாகக் கற்பித்தால், அது என்ன பாடம்?

கருவியின் பக்கம் நின்று பேசுவோருக்கும் சான்றுகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. 2015-ல் ஐக்கிய நாட்டுச் சபையின் சார்பில், ஜோர்டான் நாட்டு ஜாத்தாரி முகாமில் வாழ்ந்த சித்ரா என்னும் பன்னிரண்டு வயதுச் சிரியச் சிறுமியின் வாழ்க்கையைக் காட்டும் மெய்நிகர்ப் படம் ஒன்று வெளிவந்து உலகெங்கும் காட்டப்பட்டது. இந்தியாவிலே, குஜராத்தின் ஊனாவில் 2016-ல் தாழ்த்தப்பட்ட இளைஞரைக் கட்டி வைத்து அடித்த கொடுமைக்குப் பின், ஜாதி என்பது வதந்தியன்று என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு மெய்நிகர்ப் படம் எடுக்கப்பட்டது. 2018-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். வீடிழந்து தெருவுக்கு வந்தவனுடைய நிலையை ஒருசாராருக்குக் கண்ணாடியிலே காட்டினர். மற்றொரு சாராருக்கு அதையே எழுத்திலே படிக்கக் கொடுத்தனர். பின்னர் ஏழைகளுக்கு வீட்டு வசதி கோரும் விண்ணப்பம் ஒன்றை நீட்டியபோது, கண்ணாடியிலே கண்டவருள் நூற்றுக்கு 82 பேரும், படித்தவருள் நூற்றுக்கு 67 பேரும் கையெழுத்திட்டனர். கண்ணாடி வென்றது மெய்தான். எனினும் வெறும் எழுத்தைப் படித்துவிட்டு நூற்றுக்கு 67 பேர் கையெழுத்திட்டார்கள் என்பதிலே, எழுதுவதையே தொழிலாகக் கொண்டோருக்குச் சிறியதோர் ஆறுதலும் இல்லாமற் போகவில்லை.

இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. 2015-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், கண் தெரிந்தவர்களின் கண்ணைத் துணியால் கட்டிச் சில வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். கட்டை அவிழ்த்தபின் அவர்களுக்குக் குருடர்மீது இரக்கம் மிகுந்தது; ஆனால், குருடர் வேலை பார்க்கவும் தனித்து வாழவும் தகுதியுடையவர் என்னும் மதிப்பு முன்னைவிடக் குறைந்துபோயிற்று! சில நிமிடம் தடுமாறியவன், அத்தடுமாற்றமே குருடனின் முழு வாழ்வு என்று முடிவு கட்டிவிட்டான். ஆண்டுக் கணக்கில் பழகிப் பழகி அவன் பெற்ற திறமை இவனுக்குத் தெரியாது. தோட்டத்து வாழ்க்கையைப் பத்து நிமிடம் கண்ணாடியிலே காட்டினாலும் இதுவே நேரும் என்று அஞ்சுகிறோம். இருட்டையும் கொசுவையும் அட்டையையும் பார்ப்பார்கள். மரத்தின் உள்ளுயிர் புண்படாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவும் கை நுட்பத்தைப் பார்க்கமாட்டார்கள். "ஐயோ பாவம்" என்பார்கள். அச்சொல்லைக் கேட்டுக் கேட்டு நம் இனத்தின் காது புளித்துப்போயிற்று.

அப்படியாயின் பாட்டு மட்டும் குற்றமற்றதோ என்று வாசகர் கேட்கலாம். கேட்கவே வேண்டும். மாயக் கண்ணாடி வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டிலே பாட்டினால் அந்த மயக்கத்தை உண்டாக்கியவர் ஒருவர் இருந்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860-களின் தொடக்கத்திலே அச்சேறியது. பெரியபுராணத்திலே காணப்படாத வேதியர் என்னும் பண்ணை முதலாளியைப் பாரதியார் தம் கற்பனையால் புகுத்தினார். தில்லைக்குப் போக விடைகேட்டுக் கெஞ்சும் பண்ணையாளையும், விடைகொடாது இழுத்தடிக்கும் ஆண்டையையும் நேருக்கு நேர் நிறுத்தினார். இது சாமானியச் செயலன்று. அடிமைத்தனத்தின் உண்மை வடிவத்தை, அதைக் கேட்க விரும்பாதவர்களின் காதிலே இசையென்னும் தேனில் குழைத்து ஊற்றிவிட்டார். கதாகாலட்சேபம் நடந்த இடமெல்லாம் மக்கள் நெக்குருகினார்கள். 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகத் திரையில் தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்ச ரூபாய். 1942-ல் ஜெமினியார் எடுத்த நந்தனாரில் தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார்.

கண்ணீர் ஆறாகப் பெருகியது. பெருகி என்ன செய்தது? சபையிலே அழுதவர் வீடு திரும்பியதும் தம் பண்ணையாளைக் கொல்லைப்புறத்திலேயே நிறுத்தினார். கதை முடிவில் நந்தன் தீயில் இறங்கிய பிறகே கோயிலுக்குள் போக முடிந்தது. அதைக் கேட்டவர், 'தீக்குளித்தவனுக்கு இடமுண்டு' என்று கொண்டாரேயன்றி, 'தீ எதற்கு?' என்று கேட்டாரில்லை. இசை மனத்தை இளக்கும். இளகிய மனத்தில் எதனை அச்சிடுகிறோம் என்பது வேறு விஷயம்.

இதனை நன்றாக அறிந்திருந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நந்தனார் காலட்சேபத்தின் அதே அமைப்பை எடுத்துக்கொண்டு அவர் 'கிந்தனார்' என்னும் நகைச்சுவைக் காலட்சேபத்தை நடத்தினார். அதன் நாயகன் தீக்குளிக்கவில்லை, இரயிலேறினான்! சென்னைக்குப் போய்ப் படித்தான். கல்வி அதிகாரியாகத் திரும்பி வந்தான். கிந்தனார் இடம்பெற்ற 'நல்லதம்பி' 1949-ல் வெளிவந்தது. அதற்கு வசனம் எழுதியவர் சி.என். அண்ணாதுரை. மதுவிலக்கே அப்படத்தின் பெருநோக்கம். அழுதவர்களை அவர் சிரிக்க வைத்தார் என்பதுமட்டுமன்று. தீயின் இடத்திலே இரயிலை வைத்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இரயிலில் யாரும் ஏறலாம். தீயிலே ஒருவர்தான் இறங்க முடியும், அதுவும் ஒருமுறை தான்.

மதுவிலக்கு என்றவுடன் கெடாத் தமிழர் நெஞ்சிலே வேறொரு நினைவும் எழ வேண்டும். பலருக்கு எழுவதில்லை, ஏனெனில் யாரும் அதனை அவர்களுக்குச் சொல்லவில்லை. 'நல்லதம்பி' வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி என்பவரின் தலைமையிலே தொண்டர் படை என்னும் இயக்கம் கெடாத் தோட்டங்களிலே பரவியிருந்தது. கூலியைக் கொடுத்த கையாலேயே அதனைத் திரும்பப் பறித்துக்கொள்ளத் தோட்டந்தோறும் நடத்தப்பட்ட கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. இந்திய தேசிய ராணுவக் காலத்திலே அணிவகுப்பையும் கட்டுப்பாட்டையும் கண்டறிந்த இளைஞர்கள் அந்தப் பயிற்சியைத் தம் மக்களைச் சீர்திருத்தும் வேலைக்குத் திருப்பினார்கள். 1947-ம் ஆண்டின் முற்பாதியிலே மறியல்களும் போலீசாருடன் மோதல்களும் நிகழ்ந்தன. தொழிலாளர் உயிர் போயிற்று. பலர் சிறை புகுந்தனர். சுங்கை லாலாங்கிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்திலே நடந்தவை இவை. நம் பிள்ளைகளுக்குச் சந்திர மண்டலத்தைக் காட்டினோம். பக்கத்துத் தோட்டத்திலே தங்கள் கொள்ளுப்பாட்டன் எங்கே நின்று மறியல் செய்தான் என்பதை எந்தக் கண்ணாடியிலும் காட்டினோமில்லை.

அதே காலத்திலே வேறொரு கருவியும் தோட்டங்களுக்கு வந்தது. 1946-ல் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. 1948-ல் அவசரகாலம் பிரகடனமானதும், ஒலிபெருக்கியும் படக்கருவியும் பூட்டிய சர்க்கார் வண்டிகள் தோட்டந்தோறும் திரிந்தன. திடலிலே வெண்திரை கட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள், படம் காட்டினார்கள், இடையிடையே சர்க்காருக்கு வேண்டியதைச் சொன்னார்கள். மக்கள் பாய் விரித்து அமர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அது திருவிழா. அவ்வண்டிகளிலே நன்மையான செய்திகளும் வந்திருக்கலாம். காசநோயைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், கொசுவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒலிபெருக்கியிலே தோட்டத் தொழிலாளி தன் குறையை எடுத்துப் பேச வழியில்லை. ஊதுகுழலின் அகன்ற வாய் எப்போதும் மக்களை நோக்கியே இருந்தது.

இன்றைய கருவியும் யாருடையது என்று கேட்பது பொருத்தமே. 2014-ல் கூகுள் நிறுவனத்தார் அட்டையினால் செய்த மலிவான கண்ணாடியை வெளியிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளை உலகச் சுற்றுலா அழைத்துச் செல்லும் செயலியையும் கொடுத்தார்கள். உலகெங்கும் ஆசிரியர்கள் அதனை நம்பிப் பாடம் அமைத்தனர். 2021-ல் அட்டைக் கண்ணாடி விற்பனையும் நின்றது. அந்தச் செயலியும் எடுக்கப்பட்டுவிட்டது. கொடுத்தவரே எடுத்துக்கொண்டார். உறுமியை அப்படி யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. தோல் கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கருவியும் பாட்டும் சேர்ந்து நீதியைக் கற்பித்த நிகழ்ச்சி தமிழினத்திலே இல்லவே இல்லையா? உண்டு. அதனை எண்ணும்போதெல்லாம் நமக்கு உடல் சிலிர்க்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலே 1991-ல் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. எழுத்தறிவு கற்க வந்த ஏழைப் பெண்களுக்கு அ, ஆ வன்னாவோடு சைக்கிள் ஓட்டவும் கற்பிக்க வேண்டும் என்று அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் திட்டமிட்டார். கல் உடைக்கும் பெண்கள், வயலில் உழைக்கும் பெண்கள், கிராமத்துத் தாதிமார் எல்லோரும் சைக்கிளேறினார்கள். முத்து பாஸ்கரன் என்பவர் இயற்றிய சைக்கிள் பாட்டு ஊர்தோறும் பாடப்பட்டது. அவ்வியக்கத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஆண்கள் கேலி பேசினார்கள். தெருவிலே நின்று ஏளனம் செய்தார்கள். பெண்கள் பாட்டைப் பாடிக்கொண்டே கடந்து போனார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதுவே மேல் என்றும் சிலர் கூறினர், முன்கம்பியிலே குழந்தையை உட்கார வைக்கலாமாம்!

அந்தக் காட்சியை மனத்திலே வரைந்து பாருங்கள். தண்ணீர்க் குடத்தைப் பின்னே கட்டிக்கொண்டு, குழந்தையை முன்னே அமர்த்திக்கொண்டு, முழங்காலுக்குமேல் சேலை ஏறுகிறதே என்ற அச்சத்தையும் விட்டுவிட்டு, கணவனைப் பேருந்துக்குக் காத்திராமல், சந்தைக்குப் போகிறாள் ஒருத்தி. அவளுக்குச் சுதந்திரத்தை யாரும் காட்சியாகக் காட்டவில்லை; அவள் அதன்மீது ஏறி மிதித்தாள். விழுந்தபோது முழங்கால் சிராய்த்தது. அவள் குனிந்து பார்த்தால் தன் காலைக் காண்பாள். பாட்டின் தாளமும் மிதியின் தாளமும் ஒன்றாயின. நம் மூதாட்டியின் கேள்விக்குப் புதுக்கோட்டைப் பெண்கள் கால் நூற்றாண்டுக்கு முன்பே விடை கூறிவிட்டார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

இன்னும் அண்மைக் காலத்திலே, 2018 ஜனவரியில், சென்னையில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு மேடையேறியது. ஜாதிபேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாச பண்டிதரின் கொள்கையிலிருந்து அக்குழு தன் பெயரைப் பெற்றது. சாவு வீட்டுக்கு உரியதென்று ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும், மேனாட்டு வாத்தியங்களோடு சரியாசனத்தில் அமர்ந்தன. திண்டுக்கல்லிலே 1990 முதல் சக்தி கலைக்குழு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பறையைக் கற்பித்து வருகிறது. ஆணுக்கே உரியது, அதுவும் இழிந்த ஆணுக்கே உரியது என்ற கருவியைப் பெண்பிள்ளை தோளிலே மாட்டிக்கொண்டு மேடைக்கு வரும்போது, மூன்று விலங்குகள் ஒரே அடியில் உடைகின்றன. ஏ.ஆர். ரகுமான் இயக்கிய 'லே மஸ்க்' என்னும் மெய்நிகர்ப் படத்தை 2022 மே மாதத்தில் கேன்ஸ் நகரில் காட்டியபோது, 36 நிமிடம் இசையும் காட்சியும் மட்டுமல்லாமல், நாற்காலியின் அசைவும் வாசனையும்கூடப் பார்ப்பவரைச் சூழ்ந்துகொண்டனவாம். தமிழன் ஒருவனின் கற்பனை அங்கே எட்டியிருக்கிறது என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் நம் தோட்டத்துப் பாலின் வாசனை, அந்தப் புளித்த ஒட்டுப்பால் வாசனை, அக்கருவியில் ஏறுமோ? ஏறினால் எத்தனை பேர் நாற்காலியில் நீடித்து அமர்வார்கள் என்பதையும் பார்க்க ஆசைதான்.

இவ்வெண்ணங்களோடு நாம் சென்ற ஆண்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பதினொரு பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களிடம் மூன்று வகைக் கருவிகள் உண்டு: ஓர் உறுமி, இரண்டு பறை, எல்லாத் திக்கையும் ஒரே வேளையில் படம் பிடிக்கும் இரவல் காமிரா ஒன்று.

உறுமியை இந்நாட்டு இளைஞர் எல்லோரும் அறிவர். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் அது முனகும். மறுபக்கத்தை அடித்தால் அதட்டும். திருவிழாவிலே உறுமி மேளம் அடிக்கும் பிள்ளைகளைக் காலிகள் என்று நம்மவரே ஏசுவதைப் பலகாலும் கேட்டிருக்கிறோம். நம்மிடம் வரும் பையன்களில் இருவர் பள்ளியை இடையில் விட்டவர்கள். இருபது நிமிடம் தாளம் பிசகாமல் அடிக்கக்கூடியவனுக்குக் கவனம் இல்லை என்று எந்த ஆசிரியரும் நம்மிடம் கூற முடியாது.

முதல் வேலையாகப் பாட்டு தேடினோம். பால்வெட்டு முடிந்து பால் தூக்கி வரும்போது பாடியது, லாலாங் வெட்டும் நிரையிலே பாடியது, சயாம் பாதை போடக் கணவனை ஜப்பானியர் கொண்டுபோனபின் பாடிய ஒப்பாரி ஆகியவை ஐந்தாறு கிடைத்தன. பல்லாயிரம் மலாயாத் தமிழர் 1942 முதல் 1945 வரையிலான அந்தக் காலத்திலே சயாம்-பர்மா இரயில்பாதையில் மடிந்தனர். எண்ணற்றோருக்குக் கல்லறை இல்லை. சில குடும்பங்களிலே அவர்கள் பெயர் இருப்பது அந்த ஒப்பாரியில் மட்டுமே.

பிறகு காமிராவை எடுத்துக்கொண்டு, இன்னும் வெட்டப்படாமல் நிற்கும் ஒரு சிறு கித்தாத் தோப்புக்குப் பொழுது விடியுமுன்னே போனோம். காமிராவை எங்கே நிறுத்துவது என்பதில் பிள்ளைகளுக்குள் வழக்கு நேர்ந்தது. பழைய பெரட்டுக் களம் இருந்த இடத்திலே பையன்கள் உயரமான முக்காலியில் அதனை ஏற்றினார்கள். படத்தைப் பார்த்தபோது எல்லோருடைய உச்சந்தலையும் தெரிந்தது. "கிராணி பாக்கிற மாதிரி இருக்கே!" என்றாள் ஒரு பெண். முக்காலியைத் தாழ்த்தினார்கள். பால்வாளி தூக்குபவரின் தோள் மட்டத்துக்கு வந்தது. பிறகு இன்னும் தாழ்த்தி, ஆயாக்கொட்டகைப் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். யார் யாரை எந்த உயரத்திலிருந்து பார்த்தார்கள் என்பதை விளக்க நாம் ஒரு மணி நேரம் பேசியிருப்போம். அவர்களோ மூன்று திருகாணிகளைத் திருகிக் கற்றுக்கொண்டார்கள். கண்ணாடியை அணிந்து பார்ப்பதினும் கண்ணாடிக்குள் எதை வைப்பது என்று வழக்காடுவதிலே தான் கல்வி இருக்கிறது என்று நாம் துணிந்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் இவ்வளவு இனிதாக நடந்துவிடவில்லை. நாங்கள் பயிற்சி செய்த கூடத்தின் நிர்வாகிகள், உறுமிக்குத் தடையில்லை, பறை மட்டும் வேண்டாம் என்றனர். சாவுக் கொட்டு மங்கள இடத்திலே ஒலிக்கக் கூடாதாம். இரண்டும் தோல்தான், இரண்டையும் மனிதக் கைதான் அடிக்கிறது. பெயரிலே இருக்கிறது தீட்டு. கடல் கடந்து நூறாண்டுக்கு மேலாயிற்று, லயத்தைக்கூட ஜாதி பார்த்துத் தனி வரிசையாய்ப் பிரித்திருந்த காலமும் மலையேறிற்று, கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் "அவங்க என்ன ஆளு?" என்ற கேள்வி இன்றும் மெல்லிய குரலிலே கேட்கப்படுகிறது. நாங்கள் கூடத்தைவிட்டுச் செம்பனை ஓரத்து மரத்தடிக்குப் போனோம். பறையை நெருப்பிலே காட்டித் தோலை முறுக்கேற்ற அவ்விடமே வசதி என்பதும் பிறகு தெரிந்தது.

ஆனால் ஒரு பெண்ணின் தந்தை நம்மைத் தேடி வந்தார். தொழிற்சங்கத்திலே பல்லாண்டு உழைத்தவர்; துரையோடு எதிர் நின்று பேசியவர்; நம் மதிப்புக்கு உரியவர். "வாத்தியாரே, புள்ள பாடட்டும், படம் புடிக்கட்டும், உறுமிகூட அடிக்கட்டும். பறைய மட்டும் தொட வேணாம். நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது நடக்கணும்" என்றார். நாம் நந்தனைப் பற்றிச் சொன்னோம். தொண்டர் படையைப் பற்றிச் சொன்னோம். அவர் எல்லாவற்றையும் மறுக்காமல் கேட்டார். "நீங்க சொல்றதெல்லாம் ஞாயந்தான்" என்று கூறிவிட்டு, தம் சொல்லிலிருந்து சிறிதும் அசையாமல் எழுந்து போனார். அவரைக் கோபித்துப் பயனில்லை. அவர் அஞ்சுவது பறைக்கன்று, அயலாருக்கு. அந்த அச்சம் அவரோடு மட்டும் இருப்பதுமன்று.

அந்தப் பெண் இப்போது பறையைத் தொடுவதில்லை. ஒலிப்பதிவை மட்டும் கவனித்துக்கொள்கிறாள். காதிலே ஒலிவாங்கிக் குமிழை மாட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கிறாள். அடவுகள் அத்தனையும் அவளுக்குக் கணக்கோடு தெரியும். பிசகிய அடியை முதலிலே கண்டு நிறுத்துபவள் அவள்தான். சிம்புக்குச்சி எங்கே தாமதித்தது, அடிக்குச்சி எங்கே முந்தியது என்று சொல்லும்போது அவள் வலக்கை முழங்காலின்மேல் தாளம் போடுவதை நாம் பார்த்தும் பாராததுபோல் இருக்கிறோம். தந்தையாரும் இரண்டு வாரமாக அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டபின் உடனே திரும்பிப் போவதில்லை. சாலையோரத்திலே நின்று முழுவதையும் கேட்டுவிட்டே போகிறார்.

எங்களுக்கு இன்னும் வேண்டியது 1947-ம் ஆண்டுக் கள்ளுக்கடை மறியலைப் பற்றிய பாட்டு. அப்படி ஒன்று இருந்தே தீரும் என்று நம்புகிறோம். நம் மக்கள் பாடாமல் விட்ட துன்பம் எது? பீடோங், குரூண், சுங்கைப் பட்டாணி, கூலிம் பகுதிகளிலே தாயோ பாட்டியோ பாடக் கேட்டவர் எவரேனும் இருப்பின், இரண்டு அடியே நினைவிலிருந்தாலும், மெட்டு மட்டுமே நினைவிலிருந்தாலும், எங்களிடம் வந்து பாடுங்கள். ஞாயிறு காலை ஏழரை மணிக்கெல்லாம் செம்பனை ஓரத்திலே நெருப்பு மூட்டிவிடுவோம். மழை பெய்தால் மட்டும் பறை தொய்ந்துவிடும். அன்றைக்குப் பேச்சும் தேநீரும்தான்.